கர்ப்பகாலச் சர்க்கரை: அந்த முதல் ரெண்டு வாரத்துக்கு யார் துணை?

சீட்டில் ஓர் எண் இருக்கிறது. 140, அல்லது அதற்கு மேல். குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தின் சர்க்கரை அளவு அது. 'கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கும்மா. சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிடுங்க. நடங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க' என்பார் டாக்டர். செக்கப் நாளில் வெளியே வரிசை காத்திருக்கும்போது அவரால் இதற்கு மேல் விளக்க முடிவதில்லை. நர்ஸம்மா ஒரு தாளைக் கையில் கொடுப்பார். அதில் சப்பாத்தி, சாலட், கொழுப்பு நீக்கிய பால் என்று எழுதியிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் உம்மா இடியாப்பம் பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, மேலே சீனி தூவி வைத்திருப்பார். 'ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்ல!'

நாகூர் மாதிரி ஓர் ஊரில் இந்தச் சிக்கல் தொடங்குவது இங்கேதான். நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம். ஆனால் கண்டுபிடித்த பிறகு, மறு செக்கப்புக்குப் போகும் வரையிலான அந்தப் பதினான்கு நாள், அந்தப் பெண் பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கிறாள். கைப்பேசி வழியாக ஒருவருக்கொருவர் துணை நிற்கும் தோழிகள் குழு பயன்படும் இடமும் அதுதான். எப்படிப் பயன்படும், எங்கே பயன்படாது, எங்கே ஆபத்தாகவே முடியும் என்பதைப் பார்ப்போம்.

இனிப்பு சாப்பிட்டதால் வந்ததா?

இல்லை. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வியே 'அப்படி என்னத்தைத் தின்னே?' என்பதுதான்.

கர்ப்பம் வளர வளர நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. குழந்தைக்குத் தொடர்ந்து சத்து போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, அந்த ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பது இது. பெரும்பாலானவர்களின் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளித்துவிடுகிறது. சிலருக்கு அது போதாமல் போகும்போது சர்க்கரை ஏறுகிறது. குடும்பத்தில் சர்க்கரை நோய், எடை, வயது, முந்தைய பிரசவத்தில் பெரிய குழந்தை ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு இயல்பிலேயே வாய்ப்பு கொஞ்சம் அதிகம். ஒல்லியாக இருக்கிற, குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லாத பெண்ணுக்கும் வரலாம்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? தாயின் ரத்தத்திலுள்ள அதிகச் சர்க்கரை குழந்தைக்கும் போகும். குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாகலாம், பிரசவம் சிக்கலாகலாம், பிறந்தவுடன் குழந்தையின் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறும் ஆபத்தும் இருக்கிறது. ஒன்பது நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்து 2008-ல் வெளியான 'ஹாப்போ' ஆய்வு, சர்க்கரை படிப்படியாக ஏற ஏற இந்த ஆபத்துகளும் படிப்படியாக ஏறுகின்றன என்று காட்டியது. 'இதற்குக் கீழே இருந்தால் கவலையே இல்லை' என்று கோடு கிழிக்கிற மாதிரி ஓர் எண் அதில் கிடைக்கவில்லை. நல்ல செய்தியும் உண்டு. உணவு, நடை, தேவைப்பட்டால் மருந்து என்று சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலானோர் நல்லபடியாகவே பிள்ளை பெறுகிறார்கள்.

பக்கத்து வீட்டிலும் இருக்கிறது

டாக்டர் வி.சேஷையா தலைமையில், சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 12,000 கர்ப்பிணிகளைப் பரிசோதித்தார்கள். நகரத்தில் 17.8 சதவிகிதம், சிறு நகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9 சதவிகிதம் பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. இந்தப் பின்னணியில்தான் 2007-ல் தமிழக அரசு, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று உத்தரவிட்டது. சேஷையாவுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

அவர் முன்வைத்த பரிசோதனை முறை எளிமையானது. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கலக்கி, ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், பஸ் பிடித்து வருகிற கிராமத்துப் பெண் மறுமுறை வரவே மாட்டாள். அதனால் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்றார்கள். மத்திய அரசின் வழிகாட்டுதலும் இதே முறையைத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதல் செக்கப்பிலேயே ஒரு முறை, அதில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும்.

(சாப்பிட்டுவிட்டுச் செய்யும் சோதனை சிலரைத் தவறவிட்டுவிடுகிறது என்று சென்னையிலேயே இன்னோர் ஆராய்ச்சி மையம் ஆய்வு வெளியிட்டிருக்கிறது. அதனால் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் வெறும் வயிறு, ஒரு மணி, இரண்டு மணி என்று மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். அந்த முறையில் வெறும் வயிற்றில் 92 வந்தாலே சர்க்கரை என்று கணக்கு. 'உனக்கு ஏன் அப்படி, எனக்கு ஏன் இப்படி' என்ற குழப்பம் பெண்களிடையே வருவது இதனால்தான். சோதனை வேறு என்றால் எண்ணும் வேறு.)

கிராமத்திலேயே பத்துக்கு ஒருவர் என்றால் என்ன அர்த்தம்? ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் உங்களோடு உட்கார்ந்திருப்பவர்களில் இன்னும் ஒருவருக்காவது அதே எண் இருக்கும். உங்கள் தெருவில் ஏற்கெனவே இதைக் கடந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருக்கும் அக்கா ஒருவர் இருப்பார். ஆனால் இருவருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. 'சர்க்கரைன்னு வெளியே தெரிஞ்சா, நாளைக்குத் தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன சொல்வாங்க' என்பது சின்னப் பயம் இல்லை.

துணை இல்லாமல் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. கைப்பேசி அதைத் தெரிய வைக்கும்.

நாகூரில் இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. கணவர் துபாயிலோ, சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. வாய்ஸ் மெசேஜிலும் வீடியோ காலிலும் குடும்பம் நடத்துவது இந்த ஊர்ப் பெண்களுக்குப் புதிதல்ல. எழுதப் படிக்கத் தயங்குகிறவர்கள்கூட, பட்டனை அழுத்திப் பிடித்துப் பேசி அனுப்பிவிடுவார்கள். கல்யாணமான பிறகும் பெண் தாய்வீட்டிலேயே இருக்கும் வழக்கம் கடற்கரை முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் இன்னும் உண்டு. அது பெரிய ஆறுதல்தான். ஆனால் அடுப்படி உம்மா கையில் இருக்கும். சாப்பாட்டை மாற்ற வேண்டுமென்றால், முதலில் உம்மாவை மாற்ற வேண்டும்!

தாளில் இல்லாத சாப்பாடு

குழுவில் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் சாப்பாடுதான். 'லாத்தா, ஒரே ஒரு வாடா சாப்பிடலாமா?' மருத்துவமனை தரும் பொதுவான தாளில் நாகூர் வாடா இருக்காது. நெய்ச்சோறு, பரோட்டா, கந்தூரி நாளில் வாங்கி வரும் தம்ரூட், நோன்புக் கஞ்சி எதுவுமே இருக்காது. இவற்றைச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பார்த்த பெண்ணிடம்தான் பதில் இருக்கும்.

ஒரு நல்ல யோசனை சேஷையாவின் எழுத்துகளிலேயே இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் காலையில்தான் சர்க்கரை சட்டென்று ஏறும். அதனால் காலை உணவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். நான்கு இட்லி சாப்பிடுகிறவர் எட்டு மணிக்கு இரண்டு, பத்து மணிக்கு இரண்டு. அளவு குறையவில்லை, பசியும் இல்லை, ஆனால் ஒரேயடியாக ஏறுவது தடுக்கப்படுகிறது. இதை டாக்டர் சொன்னால் 'சரி' என்போம். 'எனக்கு 150-லிருந்து குறைஞ்சுது, நீயும் செஞ்சு பாரு' என்று இன்னொரு கர்ப்பிணி சொன்னால் மறுநாள் காலையிலேயே செய்துவிடுவோம்.

தோழிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டிய மற்றவற்றையும் பார்க்கலாம்.

இடியாப்பம், ஆப்பம் இரண்டும் வெறும் அரிசி மாவு. தேங்காய்ப்பால், சீனியோடு சாப்பிட்டால் கேட்கவே வேண்டாம். அதே இடியாப்பம் இரண்டை முட்டைக் குழம்போடோ, கறியோடோ சாப்பிட்டால் ஏறும் வேகம் குறையும். புரதம் கூட இருந்தால் மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கும். கடலோர ஊரில் புரதத்துக்குக் குறைவில்லை. மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்கள் விலையும் குறைவு, சத்தும் அதிகம். பொரிப்பதற்குப் பதில் ஆணமாக வைத்தால் இன்னும் நல்லது. சுறா மட்டும் இப்போது வேண்டாம். பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேரும் என்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்கச் சொல்கிறார்கள். பால் சுரக்க சுறாப்புட்டு கொடுக்கும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. பால் கொடுக்கும் நாட்களிலும் அதே பாதரசக் கணக்கு உண்டு என்பதால், பிரசவத்துக்குப் பிறகும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

டெல்டாக்காரர்களுக்கு ஒரு செய்தி. மாப்பிள்ளைச் சம்பா நல்ல அரிசிதான். அதற்காக ஒரு தட்டு நிறையச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. அதுவும் அரிசிதான். கேழ்வரகுக் கஞ்சியும் அப்படியே. கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால், அதையே களியாகவோ அடையாகவோ சாப்பிடுவதைவிட வேகமாக ஏறும். கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழம் மூன்றும் 'இயற்கை' என்பதால் சர்க்கரை ஏறாமல் இருக்காது. ஜூஸ் வேண்டாம், பழமாகச் சாப்பிடலாம். பாலில் கலக்கும் மால்ட் பவுடர் டப்பாவைத் திருப்பி, அதில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள்.

அப்படியானால் வாடா? பொரித்தது, அரிசி மாவு, சின்ன அளவு. தினமும் இல்லாமல், மற்ற பலகாரம் இல்லாமல், என்றைக்காவது ஒன்று சாப்பிட்டு அளந்து பார்க்கலாம். தம்ரூட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ரவையும் சீனியும் நெய்யும்தான் அது. பிரசவமாகி ரிப்போர்ட் பார்க்கும் வரை அதற்குக் காத்திருக்கலாம்.

அளப்பதிலும் ஒரு முறை

'சாப்பிட்டேன், 160 வந்திடுச்சு, பயமா இருக்கு' என்ற செய்திக்கு யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. என்ன சாப்பிட்டோம், எவ்வளவு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தோம், எத்தனை மணிக்கு அளந்தோம் என்ற நான்கும் வேண்டும். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் எண்ணுவதுதான் வழக்கம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல.

கை கழுவுவது என்றதும் ஒன்று. விரலில் மாம்பழச் சாறோ, டீ சொட்டோ ஒட்டியிருந்தால் குளுக்கோமீட்டர் அதையும் சேர்த்து அளந்துவிடும். எதிர்பாராமல் பெரிய எண் வந்தால், சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைத்தால் கடற்கரை ஈரக்காற்றில் கெட்டுப்போகும். சின்ன விஷயங்கள்தான். இவற்றால் தூக்கம் கெட்ட இரவுகள் நிறைய.

பொதுவாகக் கர்ப்பிணிகளுக்கு வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குக் கீழே என்பது இலக்கு. அரசு வழிகாட்டுதலின்படி, உணவையும் நடையையும் இரண்டு வாரம் கடைப்பிடித்த பிறகும் சாப்பிட்ட பின் அளவு 120-ஐத் தாண்டினால் மருந்து தொடங்குவார்கள். முதல் சோதனையிலேயே மிக அதிகமாக இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்க மாட்டார்கள்.

நடப்பதற்கு பீச் ரோடு வேண்டியதில்லை. அந்தி நேரத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரி வெளியே போகக் கூடாது என்று பெரியவர்கள் தடுக்கிற வீட்டில், மொட்டை மாடியும் நீளமான நடுக்கூடமும் போதும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம். குழுவில் ஒருவர் 'நான் ஆரம்பிச்சிட்டேன்' என்று வாய்ஸ் போட்டால் இன்னும் நான்கு பேர் எழுந்து நடப்பார்கள். குழுவின் பயன்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். (நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பவர்கள் இதில் சேர வேண்டாம்.)

நோன்பு மாதத்தில்

வீடே நோன்பு வைக்கும்போது தான் மட்டும் பகலில் சாப்பிடுவது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு கூச்சம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தனக்கோ பிள்ளைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு. பிறகு களா செய்துகொள்ளலாம். விவரத்தை ஆலிமிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். மருத்துவத் தரப்பிலும், ரமலானில் சர்க்கரை நோயாளிகளுக்கான சர்வதேச வழிகாட்டுதல், இன்சுலின் போட்டுக்கொள்ளும் கர்ப்பிணிகளை மிக அதிக ஆபத்துள்ளவர்கள் பட்டியலில் வைக்கிறது. அவர்கள் நோன்பு வைக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் யாரிடமும் சொல்லாமல் நோன்பு வைத்துவிட்டு, மாலையில் மயக்கம் வருகிறவர்கள் உண்டு. 'நானும் இந்த வருஷம் வைக்கலே, போன தடவையும் வைக்கலே, பொறவு களா செஞ்சேன்' என்று இன்னொருத்தி சொல்லும்போது அந்தக் கூச்சம் பாதி கரைந்துவிடும். இங்கே டாக்டரைவிட, ஆலிமைவிட, அதே நிலையில் இருக்கும் பெண்ணின் வார்த்தைக்கு வலு அதிகம். மாலையில் பள்ளிவாசலிலிருந்து வரும் நோன்புக் கஞ்சியையும் மறந்துவிடாதீர்கள். பாசிப்பருப்பும் கறியும் சேர்ந்ததுதான், ஆனாலும் அரிசிக் கஞ்சி. தம்ளர் கணக்கில் குடிப்பதை விட்டு, சின்னக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சமுதாய வளைகாப்பில் விதவிதமான சாதம் பரிமாறுவார்கள். அங்கே உட்காரும் பெண்களுக்கும் இதே கதைதான். எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்தால், கடைசியில் ஒரு பெரிய தட்டுச் சோறாகிவிடும்.

ஊசி என்றதும்

இன்சுலின் எழுதிக் கொடுத்த அன்றுதான் குழு மிகவும் தேவைப்படும். 'ஊசி ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாது', 'பிள்ளைக்கு ஆகாது' என்று சொந்தக்காரர்கள் வரிசையாக வருவார்கள். கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் மருந்து இன்சுலின். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கு அது போய்ச் சேருவதில்லை என்றே சொல்லலாம். மெட்ஃபார்மின் மாத்திரை தாண்டும். எது யாருக்கு என்பதை டாக்டர் முடிவு செய்வார். கர்ப்பகாலச் சர்க்கரை மட்டுமே உள்ள பெரும்பாலானவர்களுக்குப் பிரசவம் ஆனதும் ஊசியை நிறுத்திவிடுவார்கள்.

வீட்டில் முதல் முறை ஊசி போடும்போது வீடியோ காலில் இன்னொரு பெண் கூட இருப்பது பெரிய தைரியம். ஆனால் குழு தாண்டக் கூடாத கோடும் இங்கேதான் இருக்கிறது. 'நான் ஆறு யூனிட் போடறேன், நீயும் ஆறு போடு' என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. அவர் எடை வேறு, வாரம் வேறு, சாப்பாடு வேறு. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் தாய்க்கு உடனடி ஆபத்து. வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பிறகு டாக்டரை அழைக்க வேண்டும். குழுவில் கேட்டுவிட்டுக் காத்திருக்க நேரமில்லை.

குழு நடத்துகிறவர்கள் கவனத்துக்கு

இருபது முப்பது பேருக்கு மேல் வேண்டாம். இருநூறு பேர் குழுவில் 'குட்மார்னிங்' பூக்களுக்கு நடுவே, ஒரு பெண் 'குழந்தை அசைவே தெரியலை' என்று போட்ட செய்தி தொலைந்துபோகும். அசைவு குறைவு, ரத்தக் கசிவு, பனிக்குட நீர் போவது, விடாத தலைவலி, கண் மங்குவது, திடீர் முக வீக்கம் ஆகியவை வந்தால் உடனே மருத்துவமனை என்று குழுவின் முகப்பிலேயே எழுதி வையுங்கள். அதோடு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மனம் உடைந்து பேச ஆள் வேண்டும் என்றால் 14416.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் எண் எல்லோருக்கும் தெரியும். ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போடும்போது பெயர், பிக்மி எண், ஃபோன் எண் இருக்கும் பகுதியை மறைத்துவிடுங்கள். ஊர்க்காரர்கள் மட்டும் உள்ள குழுவில் சாப்பாட்டுக் கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும், ஆனால் ரகசியம் நிற்பது கஷ்டம். வெளியூர்க் குழுவில் மனம்விட்டுப் பேசலாம், ஆனால் வாடா என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கும்! முடிந்தால் இரண்டிலும் இருக்கலாம்.

ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், வெந்தயப் பொடி, 'ஏழே நாளில் சர்க்கரை மறையும்' சூரணம் என்று விற்க வருகிறவர்களை அன்றே நீக்குங்கள். கர்ப்ப காலத்தில் கஷாயப் பரிசோதனை வேண்டாம். கிராம சுகாதார செவிலியர் ஒருவர் குழுவில் இருந்தால் தவறான தகவல் அதிக நேரம் நிற்காது. ஆனால் அவரையே அட்மினாக்கி எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

கடினமான ஒன்று இருக்கிறது. எல்லாக் கர்ப்பமும் நல்லபடியாக முடிவதில்லை. பிள்ளையை இழந்த பெண் குழுவில் இருக்கும்போது, மற்றவர்கள் குழந்தைப் படங்களைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். சிலர் பதறிப்போய் அவரைச் சத்தமில்லாமல் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். ஒருவர் தனியாக அழைத்து, 'இருக்கீங்களா, கொஞ்ச நாள் விலகி இருக்கணுமா' என்று அவரிடமே கேட்க வேண்டும். இந்த உரையாடலை யார் செய்வது என்று குழு தொடங்கும்போதே முடிவு செய்துவைப்பது நல்லது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

நம் பக்கத்திலேயே நல்ல சான்றுகள் உண்டு. சர்க்கரை வரும் நிலையில் இருந்த 537 ஆண்களுக்குச் செல்ஃபோனில் குறுஞ்செய்திகள் அனுப்பி, சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. இரண்டு ஆண்டில், செய்தி பெற்றவர்களில் 18 சதவிகிதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவிகிதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. ஆண்களுக்கு மட்டும்! அவர்களுக்கு யாரோ சமைத்துப் போட்டிருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நான் இந்தக் கணக்கைப் படிக்கிறேன்.

பெண்களிடம் கதை வேறு. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில், கர்ப்பகாலச் சர்க்கரை வந்து பிள்ளை பெற்ற சுமார் 1,600 பேரிடம் 'லிவிங்' என்ற ஆய்வு நடந்தது. குழு வகுப்பு, ஃபோன் செய்தி எல்லாம் கொடுத்தார்கள். 2022-ல் முடிவு வந்தபோது, உதவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஓராண்டுக்குச் சற்று மேல் ஆனபோது, இரு தரப்பிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நிலை மோசமாகியிருந்தது. நடுவே கொரோனா வேறு. கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு, மற்ற எல்லோருக்கும் பிறகுதான் தன் உடம்பு.

ஆகவே, குழுவில் சேர்ந்தால் சர்க்கரை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பயத்தைக் குறைக்கும், சாப்பாட்டை வசப்படுத்தும், மாத்திரையையும் செக்கப்பையும் நினைவுபடுத்தும். அதுவே பெரிய வேலை.

பிள்ளை பிறந்த பிறகு குழு எங்கே போகிறது?

பிரசவமானதும் ஒரு படம், நூறு வாழ்த்து, பிறகு அந்த எண்ணிலிருந்து பேச்சே இருக்காது. இயல்புதான். ஆனால் தாயைப் பொறுத்தவரை முக்கியமான பரிசோதனை ஒன்று பிரசவத்துக்குப் பிறகு, ஆறாவது வாரத்தில் இருக்கிறது. அதே 75 கிராம் குளுக்கோஸ், இந்த முறை வெறும் வயிற்றில் தொடங்கி. சர்க்கரை உண்மையிலேயே போய்விட்டதா, இல்லை தங்கிவிட்டதா என்று அதில்தான் தெரியும். 2009-ல் 'லான்செட்' இதழில் வெளியான தொகுப்பாய்வின்படி, கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு அதிகம். முப்பது வயதில் தெரியாமல் விட்டது, நாற்பதில் கண்ணிலும் சிறுநீரகத்திலும் தெரியும்.

ஆறாவது வாரம் என்றால் நம் வீடுகளில் நாற்பது நாள் கணக்கு. வெளியே அனுப்ப மாட்டார்கள். கருப்பட்டி போட்ட லேகியம் உருட்டி உருட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த வாரத்தில்தான் குழந்தைக்குத் தடுப்பூசியும் வருகிறது. ஒன்றரை மாத ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எப்படியும் போகத்தான் வேண்டும். அதே நாளில் தாயும் வெறும் வயிற்றில் கிளம்பினால் இரண்டும் முடிந்துவிடும். ரத்தப் பரிசோதனை அன்றைக்கு அங்கே இருக்கிறதா என்று மட்டும் செவிலியரிடம் முந்தின நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழுவில் யாராவது ஒருவர், எல்லோருடைய பிரசவத் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி, ஆறு வாரம் கூட்டி, பக்கத்தில் இன்னொரு தேதி போட்டு வைக்கலாம். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வாய்ஸ் மெசேஜ்: 'பிள்ளைக்கு ஊசி போடப் போறியே, நீயும் ரத்தம் குடுத்துட்டு வா.' அதில் சரியாக வந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை. அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு, கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே ஒரு முறை.